நூற்றைம்பது வரைக்கும் பார்த்தேன்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம்தான் சாந்தாமணிக்கு முதலில் வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. எதிரே திரையில் அந்த மருந்துப் பம்பு அப்படியே இருந்தது. அதன் முகத்தில் அறுபது என்ற எண் அப்படியே இருந்தது. எண்ணுக்குக் கீழே பச்சை விளக்கு அப்படியே இருந்தது. அந்தக் கடைசி அப்படியேதான் தப்பு. எண் மாறக்கூடாது, சரி, ஆனால் விளக்கு மாற வேண்டும், மூன்று விநாடிக்கு ஒருமுறை அணைந்து எரிய வேண்டும், அணைந்து எரிந்தால்தான் பம்பு ஓடுகிறது என்று அர்த்தம். இது எரிந்தபடியே நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். நான்கு, ஐந்து. பதற்றத்தில் வேகமாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து, எண்ணுக்கு ஒரு மூச்சாக விட்டு எண்ணினாள். பத்து வந்தது. பச்சை இமைக்கவில்லை. அவளும் இமைக்கவில்லை. கண் எரிந்து தண்ணீர் கோத்துக்கொண்டது, கோத்த தண்ணீரில் பச்சை நடுங்கியது, அப்பாடா மின்னிவிட்டது என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, சீ, அது உன் கண்ணுத் தண்ணிடி என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

பம்பு இருப்பது பக்கத்து இரும்பு அறைக்குள். கோயமுத்தூரில் குறிச்சி தாண்டி இருக்கிற அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள் வந்து நான்கு வருஷம் ஆகிறது, இன்னும் அந்த அறையைத் திறந்து பார்த்தால் ஏதோ மிருகத்தின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான் இருக்கும். சுவரெல்லாம் கூரையெல்லாம் பல் பல்லாக நீலக் கூம்புகள், நடுவில் தெர்மகோல் மேசை, மேசையின் மேல் பரிசோதனைக்கு வந்த பொருள், அதற்கு எதிரே மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா. கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஆன்டெனா வழியாக ரேடியோ அலையை ஏற்றிக்கொண்டே போவார்கள், எண்பது மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஆயிரம் வரை. ஆஸ்பத்திரியில் சுற்றிலும் செல்போனும் வாக்கி டாக்கியும் இருக்கும்போது இந்தப் பம்பு தடுமாறாமல் மருந்தைத் தள்ளுமா, அதை இங்கேயே தடுமாற வைத்துப் பார்த்துவிடுவது. அலை ஓடும்போது மனிதர் உள்ளே இருக்கக்கூடாது. அதனால் உள்ளே ஒரு கேமரா, வெளியே ஒரு திரை, திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சாந்தாமணி. கூட்டிப் பெருக்க வந்தவள்தான். ஒருநாள் துடைப்பத்தோடு நின்றபடி, திரையில் தெரிந்த ஒரு மீட்டரைப் பார்த்து, தம்பி, அந்த ரெண்டாவது முள்ளு சித்த ஆடுச்சுங்களே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள், இரண்டு இன்ஜினியர்கள் காணாமல் விட்டதைக் கண்டுவிட்டாள் என்று, பரிசோதனையை ஓட்டுகிற மகுடேசன் அவளை இந்த நாற்காலிக்குக் கூப்பிட்டான். வேலை என்றால் பார்ப்பது. எது மாறினாலும் மணியை அழுத்துவது. மகுடேசன் எண்ணைச் சொல்லும்போது, தாளில் அந்த எண்ணுக்கு நேரே, மாற்றம் இல்லை என்பதற்கு ஒரு டிக் போடுவது. கடைசியில் பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்து. படத்தைப் பதிந்து வைப்பது கிடையாது, வாடிக்கையாளர் பொருளின் படம் வெளியே போய்விடக்கூடாது என்று கட்டுப்பாடு. ஓடுகிற படம் ஓடிப் போய்விடும். அவள் கண்டதுதான் கண்டது, காணாதது காணாததுதான், அதை வேறு யாரும் எங்கும் தேடி எடுக்க முடியாது.

தாளில் ஐந்து டிக்குகள் இருந்தன. நூறு, நூற்றைம்பது, இருநூறு, முந்நூறு, நானூறு. ஐந்தும் அவள் போட்டதுதான், ஒன்று போலச் சாய்ந்து, வால் நீண்டு. நானூறுக்குப் போட்ட மை இன்னும் காயாத மாதிரி பளபளத்தது. இதைப் போடும்போது விளக்கு மின்னியதா? போட்டது ஞாபகம் இருக்கிறது, மகுடேசன் முதுகைத் திருப்பியபடியே தன் கம்ப்யூட்டரைப் பார்த்து நானூறுங்க்கா என்றது ஞாபகம் இருக்கிறது, கை போனது, பேனா இறங்கியது. கண் எங்கே இருந்தது? திரையில்தான் இருந்தது. திரையில் இருந்த கண் எதைப் பார்த்தது? அதுதான் கிடைக்கவில்லை. கண் திறந்திருந்தால் பார்த்ததாக ஆகிவிடுமா. பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உக்கடம் வரைக்கும் வந்திருப்போம், வழியில் என்ன கண்டாய் என்று யாராவது கேட்டால் ஒரு பெயர்ப்பலகை சொல்ல முடியாது. அந்த மாதிரி. ஆனால் இது பேருந்து இல்லையே. இதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டுமே. தமிழில், சாந்தாமணி பொ. என்று, கோணாமல் போட வேண்டுமென்று வீட்டில் பழைய காலண்டர் பின்பக்கத்தில் எழுதிப் பழகியவள் ஆயிற்றே. உன் பேரு அமெரிக்கா வரைக்கும் போவுதாமா என்று வீட்டுக்காரர் பொன்னுசாமி கேலி பேசினாலும் அந்தக் காலண்டர் தாளை அவர் கிழித்துப் போடவில்லை, மடித்து வைத்திருந்தார்.

மணியை அழுத்து. கட்டைவிரல் மணியின் மேல்தான் இருந்தது, ஒயரில் தொங்கும் வெள்ளைப் பொத்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்குமே அந்த மாதிரி. சந்தேகம் வந்தாலே அடிச்சிருங்க்கா, யோசிக்காதீங்க என்று முதல் நாளே மகுடேசன் சொல்லியிருக்கிறான். ஆனால் சந்தேகம் வந்து அடித்த கதைதான் போன மாதம் நடந்ததே. திரையில் திடீரென்று கன்னங்கரேலென்று ஒன்று காலைக் காலை நீட்டிக்கொண்டு வந்தது, பொருள் உருகிப்போய்விட்டது என்று பதறி மணியை விடாமல் அழுத்தினாள், அலையை நிறுத்தி, அவ்வளவு கனமான கதவைத் திறந்து, நான்கு பேர் ஓடிப்போய்ப் பார்த்தால் கேமராக் கண்ணாடியின் மேல் மிளகு அளவு ஒரு சிலந்தி. அன்றிலிருந்து பூச்சி அக்கா. கேன்டீனில் டீ ஊற்றுகிறவள் கூட, பூச்சி அக்காவுக்குச் சக்கரை கம்மி என்று சத்தமாகச் சொல்கிறாள். இப்போது அடித்தால் என்ன என்று கேட்பார்கள். விளக்கு மின்னவில்லை என்று சொல்லலாம். பம்பு நின்றுவிட்டதா என்பார்கள். நின்றது பம்பா? பம்பு நின்றிருந்தால் அது பெரிய விஷயம், அந்தப் பம்பைச் செய்த கம்பெனியின் ஆள் அல்போன்ஸ் சென்னையிலிருந்து வந்து அதோ பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் முகம் செத்துவிடும். பம்பு நிற்காமல், அதைக் காட்டுகிற கேமரா மட்டும் அலைபட்டு உறைந்து போயிருந்தால்? அப்படியும் ஆகும் என்று மகுடேசன் ஒருதரம் சொல்லியிருக்கிறான், கேமராவும் ஒரு மிஷின்தானுங்க்கா, அதுக்கும் உள்ள அலை அடிக்குமில்ல, அதனாலதான் இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சு மூடியிருக்கறம். அப்படியானால் அவள் பார்த்துக்கொண்டிருப்பது பம்பு இல்லை, பம்பின் போட்டோ. எத்தனை நேரமாகப் போட்டோவைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டிருக்கிறாள்? பம்பு நின்றது என்று சொல்லிக் கேமரா நின்றிருந்தால் நல்ல பொருளின் மேல் பழி. கேமரா நின்றது என்று சொல்லிப் பம்பு நின்றிருந்தால், ஐயோ, அது அதைவிட. இரண்டும் நிற்காமல் தன் கண்தான் நின்றுபோயிருந்தால்? நாற்பத்தெட்டு வயதில் கண்ணில் என்னென்னவோ வருமாமே.

சித்த நேரம் முன்னால் என்று சொல்லிவிடலாம். இப்பத்தான் நின்னுதுங்க தம்பி. அவ்வளவுதான். யாருக்குத் தெரியும்? ஐந்து டிக்கும் நிற்கும், நானூறு வரைக்கும் நல்லது என்று தாள் சொல்லும், அதற்கு மேல் மட்டும் மறுபடி ஓட்டுவார்கள், அவள் நாற்காலி அவளுக்கு. நாக்கு நுனியில் அந்த வாக்கியம் தயாராக, வழவழப்பாக இருந்தது. அப்படித் தயாராக இருந்ததே அவளைப் பயமுறுத்தியது. ஏனென்றால் இந்தப் பம்பு மாதிரி ஒன்றை அவள் மூன்று நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே வருவதற்கு முன்னால், தங்கை ஜோதிமணி கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து ரத்த அழுத்தம் இறங்கிக் கிடந்தபோது. கட்டில் பக்கத்துக் கம்பியில் இதே மாதிரி பெட்டி, இதே மாதிரி படுக்க வைத்த ஊசிக்குழாய், தானாக நகர்ந்து மருந்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நர்சு ஒரு மலையாளத்துப் பெண், சேச்சி, ஈ நம்பர் பாக்கணும், மாறினால் விளிக்கணும், கூப்பிடணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பார்த்தாள். குளிக்கப் போகும்போது கூடப் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எண்ணைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனாள். அந்தப் பெட்டியையும் எங்கேயோ ஓர் அறையில் யாரோ ஒருத்தி உட்கார்ந்து பார்த்துத்தானே அனுப்பியிருப்பாள், அவள் என்ன நினைத்துக்கொண்டு பார்த்தாளோ, எத்தனை டிக்கைக் கை மட்டும் போட்டதோ. ஜோதி பிழைத்துக்கொண்டாள். பிழைத்து, கொழுத்து, நேற்றுக்கூடப் போன் செய்து இட்லி மாவு பொங்கவே இல்லைக்கா என்று முக்கால் மணி நேரம் பேசினாள், போச்சாது போ, தோசை ஊத்து என்று சொல்லியும் வைக்கவில்லை.

ஜோதி. பிடி கிடைத்த மாதிரி சாந்தாமணி நிமிர்ந்தாள். இன்றைக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜோதியை நினைத்தது எப்போது? நூறு சொன்னதற்கு அப்புறம். நூறு சொன்னபோது அல்போன்ஸ் கால் ஆட்டுவது ஓரக்கண்ணில் பட்டு எரிச்சல் மூட்டியது, கால் இரண்டு ஆட்டு ஆட்டினால் விளக்கு ஒருதரம் மின்னும் என்று நினைத்தது கூட ஞாபகம் இருக்கிறது, ஆக நூறு உறுதி. அப்புறம் அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜோதி வந்தாள். விளக்கு அணைந்தால் ஜோதி மூச்சை இழுக்கிறாள், எரிந்தால் விடுகிறாள், அப்படி ஒரு விளையாட்டு, பயந்த விளையாட்டு, அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் விளையாடியது. நடுவில் மகுடேசன் நூத்தம்பது என்றான். டிக் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது விளக்கு அணைந்து எரிந்தது, விட்டுட்டியா சாமி என்று உதடு கூட அசைந்தது. உறுதி. நூற்றைம்பதும் உறுதி. அதற்கு அப்புறம்? அதற்கு அப்புறம் அடுப்பு. எப்படி அடுப்பு வந்தது? ஜோதியிலிருந்து அடுப்புக்கு எப்படித் தாவினோம்? காலையில் பாலை இறக்கிவிட்டுக் கேஸ் திருகை மூடினோமா என்று வந்தது, மூடியதாகக் கை சொன்னது, மூடவில்லை என்று மனசு சொன்னது, பொன்னுசாமிக்கு வேறு சளி, மூக்கு அடைத்துக் கிடக்கிறது, சுடர் காற்றில் அணைந்து கேஸ் கசிந்தாலும் வாசனை தெரியாது, பீடியைப் பற்ற வைக்கத் தீக்குச்சியைக் கிழித்தால், ஐயோ, என்று அங்கே போய்ச் சிக்கிக்கொண்டு, சிக்கின இடத்திலேயே இருநூறுக்கு ஒரு டிக். முந்நூறுக்கு ஒரு டிக். போன் செய்து கேட்கலாமென்றால் இந்த அறையில் போனை அணைத்து வைத்திருக்கிறது. நானூறுக்கு ஒரு டிக். இவ்வளவு நேரமும் மனதில் ஒரு சுடர் எரிந்துகொண்டே இருந்தது, அணையாமல், ஆடாமல், கொஞ்சம் பச்சையாக. பச்சையாக! அடுப்புச் சுடர் எந்த ஊரில் பச்சையாக எரியும்? அடுப்பு தானாக வரவில்லை. எதிரே அணையாமல் எரிகிற ஒன்றைக் கண் பார்த்துவிட்டது, பார்த்துச் சொல்லியும் விட்டது, அணைக்கவில்லையே, அணைக்கவில்லையே என்று கத்தியிருக்கிறது, அதைப் போய் அவள் வீட்டு அடுப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

"ஐநூறுங்க்கா" என்றான் மகுடேசன். கை தானாகப் பேனாவோடு தாளுக்குப் போனது. ஐநூறு என்ற எண்ணுக்கு நேரே பேனா முனை போய் நின்று, ஒரு சின்னப் புள்ளியும் வைத்துவிட்டது. அந்தப் புள்ளியை அவள் பார்த்தாள். இன்னும் ஒரு இழுப்பு. இழுத்தால் ஆறாவது டிக். இழுத்துவிட்டு, அப்புறம் யோசித்து, அறுநூறில் சொல்லலாமே என்று ஒரு குரல் கெஞ்சியது, அது அவள் குரல் மாதிரியே இருந்தது. பேனாவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கட்டைவிரலாலும் மணியை அழுத்தினாள். அழுத்தியதும் வந்த சத்தம் அவளையே தூக்கிப் போட்டது. மகுடேசன் ஒரு தட்டில் அலையை நிறுத்தி, எண்ணை எழுதிக்கொண்டு நாற்காலியோடு சுழன்றான். அல்போன்ஸின் கால் நின்றது. "என்னக்கா, திரும்பவும் பூச்சியா?" என்றார் அவர், பூச்சிக் கதை சென்னை வரைக்கும் போயிருக்கிறது. சாந்தாமணி எழுந்து நின்றாள். உட்கார்ந்து சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "வெளக்கு மின்னலீங்க தம்பி. பம்பு நின்னுதா, படம் நின்னுதான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. ரெண்டுல ஒண்ணு நின்னிருக்குது." மகுடேசன் திரையைப் பார்த்தான். அலை நின்ற பிறகும் பச்சை எரிந்தபடியே இருந்தது. அவன் முகம் மாறியது. "எப்பருந்துங்க்கா?" என்றான். கேட்டுவிட்டான். வழவழப்பான வாக்கியம் நாக்கில் இன்னும் இருந்தது. அவள் அதை விழுங்கினாள், மாத்திரை மாதிரித் தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கியது. "நூத்தம்பது வரைக்கும் பாத்தேனுங்க. அதுல மின்னுச்சு, அது நெசம். அதுக்கப்பறம் பாத்தேன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"டிக் போட்ருக்கீங்களே?" அல்போன்ஸ் தாளைக் குனிந்து பார்த்தார். "போட்டேனுங்க சார். கையி போட்டுருச்சு. மனசு வேற எங்கியோ போயிருச்சுங்க." அல்போன்ஸ் எதையோ சொல்ல வாயெடுத்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "முதல்ல கதவத் தொறங்க சார், என் மிஷினு உயிரோட இருக்கா பாக்கணும்" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, அவளுக்குத் தெரிந்த பயம், வார்டு வாசலில் நிற்கிறவர்களின் பயம். மகுடேசன் கைப்பிடியை இறக்கிக் கதவை இழுத்தான். மூன்று பேரும் நீலக் கூம்புகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், சாந்தாமணி கடைசியில், சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி. தெர்மகோல் மேசையின் மேல் பம்பு உட்கார்ந்திருந்தது. பச்சை அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்து மறுபடி எரிந்தது, எனக்கென்ன என்பது போல. ஆனால் இப்போது மின்னுவது இப்போதைக்குத்தானே சாட்சி, நடுவில் நின்று மறுபடி எழுந்திருந்தால், என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அல்போன்ஸ் ஊசிக்குழாய்க்கு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கோடுகளைப் படித்தார். "மணிக்கு அறுபதுன்னா நிமிஷத்துக்கு ஒரு மில்லி. அம்பதுல ஆரம்பிச்சோம். இப்ப பதினெட்டுல நிக்குது." மகுடேசன் வெளியே ஓடிக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான். "ஆரம்பிச்சு முப்பத்திரெண்டு நிமிஷம் ஆச்சுங்க சார்!" அல்போன்ஸ் விரல் விட்டு எண்ணினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி, பதினெட்டிலிருந்து ஐம்பது வரை, எண்ணி முடித்து அந்தப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "நிக்கவே இல்ல இவன். ஒரு சொட்டு விடல." சாந்தாமணி பக்கவாட்டில் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் நீலக் கூம்பு ஒன்றைப் பிடித்தாள், அது பஞ்சு போல நசுங்கியது, அதைப் பிடிக்கக்கூடாது என்பது கூட அப்போது அவளுக்கு நினைவு வரவில்லை.

ஆக நின்றது படம். மகுடேசன் மூலையில் இருந்த கேமராவின் இரும்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், மூடி அவன் விரலுக்கு லொடலொடவென்று ஆடியது. அவன் பின்மண்டையைச் சொறிந்துகொண்டு, "நாந்தானுங்க" என்றான். "அன்னிக்கு அந்தப் பூச்சியத் தொடைக்கறதுக்குக் கழட்டுனனில்லீங்க. நாலு திருகுல ரெண்டுதான் மாட்டியிருக்கறன். மிச்சம் ரெண்டும் என்ற டிராயர்ல கெடக்குது." அல்போன்ஸ் சிரிக்க ஆரம்பித்தார். "பாருங்கக்கா, செத்தும் பழி வாங்குது உங்க பூச்சி!" அவர் சிரிப்பில் சத்தம் அதிகமாக இருந்தது, பயம் வெளியே போகும்போது அப்படித்தான் போகும். சிரிப்பு அடங்கியதும், "இந்த டிக்க நம்பி நானும் ஊருக்குப் போயிருப்பேன்" என்று யாரிடமோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார். சாந்தாமணிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டையும் தலைப்பால் ஒரே துடைப்பாகத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு லேசாக இருக்கிறது. பம்பு நல்லது. கேமரா கெட்டது அவளால் இல்லை. ஆனால் இந்த லேசான மூச்சுக்கு நடுவிலும் ஒரு முள் உறுத்தியது, அதையும் பிடுங்கிவிட வேண்டும், பாதிப் பிடுங்கின முள் சீழ் வைக்கும். "தம்பி, ஆள மாத்தீருவீங்களா?" என்று கேட்டேவிட்டாள். "எதுக்குங்க்கா?" "மனசு போயிருச்சுன்னு சொன்னனில்லீங்க." மகுடேசன் அல்போன்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எனக்குப் போவாதுங்களா? போன திங்கக்கெழம ஆயிரம் முடிஞ்சது தெரியாம, அலையே இல்லாத வெறும் ரூம அரமணி நேரம் பாத்துட்டு ஒக்காந்திருந்தனுங்க. வெளிய சொல்லிப் போடாதீங்க." பிறகு நிமிர்ந்து, "புதுத் தாளு எடுத்துக்குங்க்கா, எண்பதுலருந்து ஓட்டலாம். சித்த தண்ணி குடிச்சுட்டு வாங்க" என்றான். வாங்க என்றான். நாற்காலி அவளுடையதுதான்.

தண்ணீர் குடித்தாள். அரை செம்புக்கு மேல் குடித்தாள். தொண்டை குளிரக் குளிரப் பயமும் இறங்கிக்கொண்டே போனது, ஆனால் முழுக்க இறங்கவில்லை, அடியில் கொஞ்சம் நின்றது. மனசு மறுபடி போகும். போகாது என்று சத்தியம் செய்ய அவளால் முடியாது, நாற்பத்தெட்டு வருஷமாக அது போய்க்கொண்டுதான் இருக்கிறது, பள்ளிக்கூடத்திலேயே ஜன்னலுக்கு வெளியே போனதற்குத்தான் அடி வாங்கினாள். போன மனசைத் திரும்பக் கூப்பிட அந்தக் குண்டூசித் தலை விளக்கு போதாது, எரிந்தாலும் பச்சை, உறைந்தாலும் பச்சை. பெரிதாக ஒன்று வேண்டும். நிற்கவே நிற்காத ஒன்று, கரண்ட் இல்லாத ஒன்று, அலை அடித்தாலும் அதற்கு ஒன்றும் தெரியக்கூடாது. மகுடேசன் திருகாணியோடு கேமராப் பெட்டியை இறுக்கிக்கொண்டிருக்கும்போது அவள் திரும்ப உள்ளே வந்தாள். கூரை ஓரத்தில் தேன்கூடு மாதிரித் துளையிட்ட தகடு ஒன்று இருந்தது, அது வழியாகத்தான் உள்ளே காற்று வருகிறது. கையை நீட்டி நீட்டிக் காற்றைத் தேடினாள். "என்னங்க்கா தேடறீங்க?" என்றான் மகுடேசன். "சித்த இருங்க தம்பி" என்றாள், விளக்கிச் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மறுபடி பயம். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, விரல் அகலத்துக்கு ஒரு கீற்றாகக் கிழித்தாள், நல்ல பருத்தி, ஓசையோடு கிழிந்தது. மேசையில் பம்புக்கு இந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தாள், தொங்கியது. அந்தப் பக்கம் பிடித்தாள், நுனி கொஞ்சம் அசைந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள், துணி உயிர் வந்த மாதிரி எழுந்து எழுந்து ஆடியது. "அந்த எடத்துல ஒரு பிளாஸ்டிக் குச்சி நட்டுக் குடுங்க தம்பி. கேமராவ எட்டத் தள்ளி வையுங்க, பம்பும் இந்தத் துணியும் சேந்தாப்பல தெரியோணும். இது ஆடறது நின்னா நான் பம்பப் பாக்கல, போட்டாவப் பாக்கறேன்னு அர்த்தம்." மகுடேசன் துணியைப் பார்த்தான், துளைத் தகட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எண்ணு சின்னதாத் தெரியுமுங்க்கா, பரவால்லீங்களா?" "என்ற கண்ணுக்குப் போதுமுங்க." அல்போன்ஸ் கதவருகிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜரிகை கிரிகை இல்லியே அதுல? அலையில உலோகம் ஆகாது" என்றார். "கைக்குட்டைல யாருங்க சார் ஜரிகை போடறாங்க" என்றாள் சாந்தாமணி, காலையிலிருந்து அவள் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. குச்சியில் துணியை முடிந்தாள். ஒரு முடிச்சு போட்டு, நம்பாமல் இரண்டாவது போட்டு, இழுத்துப் பார்த்து மூன்றாவதும் போட்டாள். கதவு சாத்தும் முன் வெளியே வந்து, பழைய தாளின் ஐந்து டிக்குகளையும் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில், நூற்றைம்பது வரைக்கும் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மகுடேசனின் மேசையில் வைத்தாள். பிறகு உட்கார்ந்து மணியை மடியில் எடுத்துக்கொண்டாள். திரையின் ஓரத்தில் துணி ஆடிக்கொண்டிருந்தது.